கடைசி வரிசையில் ஒரு பாய்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நோலீனை கடற்கரை சர்ஃப் கிளப்பின் மாடிப்படியில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். கதவில் புதுப் பூட்டு. வெளியே பலகையில் 'நோலீன் – மார்னி' என்று இருந்த இடத்தில் வெள்ளைச் சாயம் அடித்து 'மார்னி' என்று மட்டும் எழுதியிருந்தது.

அழித்தவள் கூடப் பிறந்த தங்கை மார்னி. முதுகில் ஆபரேஷன் என்று நோலீன் படுத்தபோது, "நீ நல்லா குணமாகி வா, வகுப்பை நான் பாத்துக்கறேன்" என்று கையைப் பிடித்துச் சொன்னவள். சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். மண்டபத்தையும் ஆட்களையும் சாவியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். யோகா மார்னியுடையது. பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி நோலீனுடையது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நாற்காலியைத் தேடுகிறவர்களுக்கு நடுவயிறும் இடுப்பும் பலப்பட வேண்டும் என்று, இரண்டையும் கலந்து சகோதரிகள் உண்டாக்கியதுதான் இந்தச் சனிக்கிழமை வகுப்பு. அடுத்த சீசனுக்கு மாடி மண்டபம் யாருக்கு என்று கேட்டு இரண்டு பேரும் தனித்தனியாக கிளப்பில் வந்து நின்றார்கள்.

கிளப் தலைவர் ரஸ்ஸல் சண்டை என்றாலே ஒதுங்கி ஓடுகிறவர். "உங்க ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வெச்சுப் பேச என்னால ஆகாது. சனிக்கிழமை நானே வகுப்புக்கு வரேன். பாக்கறேன். முடிஞ்சு டீ குடிக்கும்போது முடிவைச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

காலையில் நோலீன் டோஸ்ட்டில் உப்புக் கரிக்கும் வெஜிமைட் பசையைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவினாள் என்பதைவிடத் தேய்த்தாள் என்று சொல்லலாம். அவள் கணவன் கிரேம் தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு சமையலறையில் நின்று டீயை ஊதிக் குடித்தான்.

"எங்க கிளம்பிட்ட?"

"அலைத்தடுப்புக்கு. மீன் நல்லா விழுதாம்."

"போயிட்டு வா. எனக்கும் வெளிய வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"வகுப்புக்குப் போறேன்."

கிரேமின் டீ கோப்பை பாதி வழியில் நின்றது. "யார் வகுப்புக்கு?"

"என் வகுப்புக்குத்தான். இப்போதைக்கு வேற யாரோ நடத்திட்டிருக்காங்க."

"நோல், கொஞ்சம் யோசி. என்ன இருந்தாலும் அவ உன் ரத்தம்."

"ரத்தம் நிறைய ஆஸ்பத்திரியிலேயே போயிடுச்சு. மீதி இருக்கறதை இன்னைக்கு அவகிட்டேர்ந்து எடுத்துக்கறேன்."

கிரேம் வழக்கத்தைவிட வேகமாக வீட்டை விட்டுப் போனான். அவள் அதைக் கவனித்தாள். ஆனால் மனதில் அப்போது வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் நோலீன் பக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த ஊரில் இத்தனை காலம் இருந்து பார்த்துவிட்டேன். அக்கா வாயாடி, தங்கை அமுக்குணி. ஒருத்தி முகத்துக்கு நேரே குத்துவாள், இன்னொருத்தி தடவிக்கொடுத்துக்கொண்டே குத்துவாள். எனக்கு முதல் வகையைக் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

மாடிப்படி ஏறும்போது நோலீன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முன்பெல்லாம் பாய்களை அள்ளிக்கொண்டு ஓடி ஏறிய படி. மேலே போய் மூச்சு நிதானமாகும்வரை வெளியிலேயே நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு நுழைவதை மார்னி பார்த்துவிடக் கூடாது.

உள்ளே ஜன்னல்களுக்கு அப்பால் கடல் பளபளத்தது. பாய்கள் வரிசை வரிசையாக விரிந்திருந்தன. பழைய ஆட்கள் பாதி, புதியவர்கள் பாதி. அவளைப் பார்த்ததும் தலைகள் திரும்பின. ஹெதர் மட்டும், இடுப்பு மூட்டு மாற்றிய பழைய மாணவி, வாய்க்குள்ளேயே "அடப்பாவமே" என்றாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு முதுகு தெரிந்தது. கால்பந்து கிளப்பின் பழைய அரைக்கால் சட்டை. அந்த முதுகை நோலீனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும்.

மெதுவாகப் பக்கத்தில் போய் நின்றாள். "மீன் விழுதா, கிரேம்?"

கிரேம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது. "முதுகு வலிச்சுது, நோல். நீ நிஜமாவே வருவேன்னு நினைக்கல."

"உன் முதுகு என்கிட்ட சொல்லாம அவகிட்டயா வந்து சொல்லிச்சு?"

"நீ படுத்திருந்த. உன்கிட்ட எப்படிச் சொல்றது..."

"வீட்டுக்கு வா. சாவகாசமா சொல்லு."

இத்தனை சனிக்கிழமைகளாக ஒரு மீன்கூட வீட்டுக்கு வராததன் காரணம் இப்போது விளங்கியது. தங்கை செய்த துரோகத்தோடு இதுவும் சேர்ந்ததில் நோலீனுக்குள் கோபம் கொதிக்கவில்லை. மாறாக, நன்றாகக் குளிர்ந்து கெட்டிப்பட்டது. நிதானமாகப் பழிவாங்க அதுதான் வசதி.

மார்னி முன்னால் நின்று தலைமுடியை உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றது. பிறகு தேன் ஒழுகும் சிரிப்பு வந்தது.

"நோல்! வா வா. எவ்வளவு நாளாச்சு. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குப் பின் வரிசைல இடம் இருக்கு."

"பின் வரிசையே போதும்டி. நானும் புதுசுதான். முதுகுல ஸ்க்ரூ எல்லாம் புதுசா போட்டிருக்காங்க."

சிலர் சிரித்தார்கள். முதல் வரிசையில் வயிறு பிதுங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்த ரஸ்ஸலும் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று கூரையைப் பார்த்தார். நோலீன் கடைசி வரிசையில் தன் பாயை விரித்தாள்.

வகுப்பு தொடங்கியது. பூனை போல முதுகை வளைத்து, பசு போலக் குழித்து, குழந்தை போல மடங்கிப் படுத்து எழுந்தார்கள். இதெல்லாம் மார்னியின் ராஜ்ஜியம். உடம்பு ரப்பராக வளையும் அவளுக்கு. நோலீன்கூட ஒன்றும் சொல்ல முடியாத அழகு. சொல்லவும் இல்லை. தன்னால் முடிந்த அளவுக்கு வளைந்துவிட்டுக் காத்திருந்தாள்.

எதற்குக் காத்திருந்தாள் என்றால், மூச்சுக்காக.

யோகாக்காரர்கள் மூக்கால் இழுத்து மூக்காலேயே விடுவார்கள். பிலாட்டிஸ்காரர்கள் பாரம் ஏறும் நேரத்தில் வாயால் ஊதி, தொப்புளை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடிப்பார்கள். இரண்டையும் கலக்கும்போது ஆரம்பக்காரனுக்குத் தலை சுற்றிவிடும். இதற்காகச் சகோதரிகள் போட்ட சண்டை கொஞ்சமல்ல. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். முதல் பாதி மூக்கு. முழங்காலைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் ஓய்வு. பிறகு வயிற்றுக்கான கடினமான பாதி முழுக்க வாய், அதுவும் 'ஸ்ஸ்ஸ்' என்று பக்கத்துப் பாய்க்குக் கேட்கும்படி. சத்தம் கேட்டால் மூச்சு ஓடுகிறது என்று ஆசிரியைக்குத் தெரியும்.

நோலீன் ஆஸ்பத்திரியில் படுத்ததும் மார்னி முதலில் நிறுத்தியது அந்தச் சத்தத்தைத்தான். டயரில் காற்று இறங்குவது போல அசிங்கமாக இருக்கிறதாம். இப்போது வகுப்பு முழுக்க மூக்குதான். அமைதியாக இருக்கும், படம் பிடித்துப் போட்டால் அழகாக இருக்கும். ஆனால் கஷ்டமான இடம் வந்ததும் புதியவர்கள் மூக்கையும் மூடிக்கொண்டு தம் கட்டுகிறார்கள் என்பது அழகில் தெரியாது.

"முழங்கையை ஊன்றுங்க. உடம்பு பலகை மாதிரி. மூக்கால, மெதுவா, மூக்கால" என்றாள் மார்னி. சொல்லிவிட்டு வரிசைக்கு நடுவே உலாவத் தொடங்கினாள். பலகை நிலை வந்தால் அவள் உலாவுவாள். வளையும் உடம்புக்குத் தாங்கும் பலம் குறைவு. இந்த ரகசியம் அக்காவுக்கு மட்டும் தெரியும்.

முகங்கள் சிவந்தன. ரஸ்ஸல் பீட்ரூட் நிறத்துக்கு வந்து நடுங்கினார். கிரேமின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை.

கடைசி வரிசையில், முழங்காலை ஊன்றிக்கொண்டு, நோலீன் வாயைக் குவித்தாள்.

"ஸ்ஸ்ஸ்ஸ்."

ஹெதரின் தலை லேசாகத் திரும்பியது. உடனே அவள் வாயும் குவிந்தது. "ஸ்ஸ்ஸ்."

பழக்கம் பொல்லாதது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக, தாங்கள் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, அந்தச் சத்தத்தில் சேர்ந்தார்கள். புதியவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஊதினார்கள். ஊதியதும் வயிறு உள்ளே போனது, நடுக்கம் நின்றது. இது நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு முறை ஊதினார்கள். கிரேமும் ஊதினான், பாவி.

மண்டபம் முழுக்க ஒரே மூச்சு, அதுவும் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்ட மூச்சு. நோலீன் இழுத்தால் எல்லோரும் இழுத்தார்கள். அவள் விட்டால் எல்லோரும் விட்டார்கள். நடுவில் நின்ற மார்னி, "மூக்கால... மூக்கால..." என்று சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் கேட்கவில்லை.

ரஸ்ஸல் பாயில் தொப்பென்று இறங்கி, "அட, இது பரவாயில்லையே. அந்த சத்தம் விட்டா தாங்குது" என்று வெள்ளந்தியாகச் சொன்னார்.

நோலீனுக்கு உள்ளே தித்தித்தது. ஒரு வார்த்தை பேசாமல் வகுப்பைத் தங்கையின் கையிலிருந்து பிடுங்கியாயிற்று. அதை ரஸ்ஸல் வாயாலேயே சொல்ல வைத்தாயிற்று. இத்தோடு பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் சனிக்கிழமை அவளுடையது.

ஆனால் தங்கையும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே.

"இவ்வளவு பேர் ஆசைப்படறீங்க. பின்னாடியே இருந்தா எப்படி நோல்? முன்னாடி வா. ரோல்-அப் காட்டு. உன்னை மாதிரி அதை யாரும் பண்ண முடியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்" என்றாள் மார்னி.

வகுப்பில் அடுத்து வர வேண்டியது ரோல்-அப் அல்ல. ரோல்-அப் என்றால் மல்லாந்து படுத்து, காலை நீட்டி, கையால் ஊன்றாமல், முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையிலிருந்து உரித்து எழுந்து உட்கார்வது. நோலீனின் பெருமைக்குரிய வித்தை. ஒரு வருஷத்துக்கு அதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியவள் மார்னி. அந்த ஒரு வருஷம் இன்னும் ஆகவில்லை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் டாக்டரின் குரல் கேட்டது.

"பண்ணு நோலீன், பாத்து எத்தனை நாளாச்சு" என்றாள் ஹெதர், விஷயம் தெரியாமல்.

கிரேம் எழுந்தே விட்டான். "நோல், வேண்டாம். நீ இப்போ..."

"நீ மீனைப் பாரு."

அந்தக் கோபம் மட்டும் வந்திருக்காவிட்டால் அவள் மறுத்திருப்பாளோ என்னவோ. எனக்கு நம்பிக்கை இல்லை. முன்னால் போய் மார்னியின் பாயிலேயே மல்லாந்து படுத்தாள்.

கையைத் தலைக்கு மேலே நீட்டினாள். மூச்சை விட்டாள். தலை எழுந்தது, தோள் எழுந்தது, முதுகு மெல்ல மெல்லத் தரையை விட்டு வந்தது. விரல்கள் கால் கட்டை விரலைத் தொட்டன. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுபடியும் தரையில் சாயும்போதுதான் இடுப்பில் ஏதோ வழுக்கியது. இடது தொடையில் ஒரு சூடு பாய்ந்து பாதம் வரை ஓடி அணைந்தது. அதற்குப் பிறகு அந்தக் கால் இருப்பதே தெரியவில்லை. நோலீன் சிரித்த முகத்தோடு தலையைப் பாயில் வைத்தாள். எழுந்திருக்க முடியாது என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாத்தாச்சா? இப்போ நீங்க பண்ணுங்க" என்றாள், படுத்தபடியே. "அவசரப்படாதீங்க. முழங்காலை மடக்கிக்குங்க. தொடைக்குப் பின்னாடி கையால புடிச்சுக்குங்க. பாதி தூரம் வந்தா போதும். ரஸ்ஸல், தம் கட்டாதே, ஊது."

மிச்ச வகுப்பை அப்படியே நடத்தினாள். பார்க்காமலே காதால் நடத்தினாள். யாருடைய மூச்சு திணறுகிறது, யாருடைய குதிகால் தேய்கிறது என்று கேட்டே திருத்தினாள். படுத்துக்கொண்டு பாடம் எடுப்பது ஒரு புது பாணி என்று நினைத்தவர்களும் உண்டு. நெற்றியில் வேர்வை வழிந்தது. உழைப்பு என்று நினைத்தார்கள். மார்னி சுவரோரம் போய் நின்றுகொண்டாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி.

"இப்போ எல்லாரும் மல்லாந்து படுங்க. கண்ணை மூடுங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள் நோலீன் கடைசியில்.

மண்டபம் அடங்கியது. கீழே கிளப் வாசலில் சாசேஜ் சுடும் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்தது. கிரேம் குறட்டை விடத் தொடங்கினான். கவலைப்பட்டுக்கொண்டே தூங்கக்கூடிய மனிதன் அவன்.

மார்னி, வகுப்பு முடிவில் அடிக்கும் சின்ன வெண்கல மணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் தலைமாட்டில் குந்தினாள்.

"எந்திரிக்க முடியல, இல்ல?" கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"முடியும்."

"அப்போ எந்திரி."

நோலீன் கூரையைப் பார்த்தாள்.

"எந்தக் கால்?"

"உனக்கு எந்தக் கால் வேணும்?"

மார்னி இன்னும் கிட்டத்தில் குனிந்தாள். "எத்தனை வருஷம் நோல். ஒவ்வொரு சனிக்கிழமையும், 'இது என் தங்கச்சி, கொஞ்சம் கை காலை நீட்டி விடுவா'ன்னு சிரிச்சுட்டே சொன்ன. நீட்டி விடுவா. அவ்வளவுதான் நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ பின் வரிசைல உக்காந்து பாக்கணும்னு நினைச்சேன்."

"அதுக்கு என் முதுகை உடைக்கணுமா?"

"நீ மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்."

"நான் சொல்ல மாட்டேன்னு உனக்குத் தெரியும்டி."

அது உண்மை. அதனால் மார்னி விஷயத்துக்கு வந்தாள்.

"கேளு. இவங்களை இன்னும் கொஞ்ச நேரம் படுக்க வெக்கறேன். அப்புறம் கண்ணைத் திறக்காம அப்படியே இருங்கன்னு சொல்லி, கிரேமை எழுப்பி, ரெண்டு பேருமா உன்னைப் பின்படி வழியா கீழே கொண்டு போயிடறோம். ஆம்புலன்ஸ் பின்னால இருக்கற படகுக் கொட்டகைப் பக்கம் வரட்டும். யாருக்கும் தெரியாது. ரஸ்ஸல் கிட்ட மட்டும், சனிக்கிழமை மார்னிக்கே இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"இல்லேன்னா?"

"மணியை அடிப்பேன். எல்லாரும் எந்திரிப்பாங்க. நீ கிடப்ப. வயித்துக்குப் பலம் சொல்லித் தரவ தரையிலேர்ந்து எந்திரிக்க முடியாம கிடக்கறதை ரஸ்ஸல் பாக்கட்டும். அப்புறம் யார் உன்கிட்ட வருவாங்க?"

சரியான இடத்தில் கத்தியை வைத்திருந்தாள். நோலீனுக்கு மானம் பெரிது. ஆஸ்பத்திரியில்கூட நர்ஸைத் துணைக்குக் கூப்பிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனவள். இத்தனை பேர் முன்னால், அதுவும் ஹெதர் முன்னால், மல்லாந்த ஆமை போலக் கிடப்பதை நினைத்ததும் அவள் கண்ணில் நீர் வந்தது. அது காதுக்குள் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

ஆனால் அப்படியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. மானம் போனால் தனக்குப் போவது பாதிதான். மீதிப் பாதி, டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தும் தன்னை முன்னால் அழைத்த மார்னியுடையது. பேசாமல் பின்படி வழியாகப் போய்விட்டால் அந்தப் பாதியைத் தங்கைக்குப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதாக ஆகும்.

கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"எல்லாரும் கையையும் காலையும் மெதுவா அசைங்க" என்றாள் நோலீன், மண்டபத்தின் மூலைவரை கேட்கும் பழைய குரலில்.

மார்னி திடுக்கிட்டு மணியை இறுகப் பிடித்தாள். "நோல். வேண்டாம்."

"வலது பக்கமா திரும்புங்க. கையை ஊன்றி எந்திரிச்சு உக்காருங்க. கண்ணைத் திறங்க. இங்க பாருங்க."

பாய்கள் சரசரத்தன. ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். கிரேமும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். எல்லோரும் முன்னால் பார்த்தார்கள். அங்கே நோலீன் ஒருத்திதான் படுத்திருந்தாள். அவள் இடது பாதம் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது.

"நான் எந்திரிக்கல. எனக்கு இடது கால் இல்லாத மாதிரி இருக்கு. கிரேம், அங்கேயே நில்லு, தொடாதே, ஆம்புலன்ஸுக்கு மட்டும் போன் பண்ணு." குரலில் ஒரு பிசிறும் இல்லை. "இந்த ஒரு பயிற்சியைப் பத்தி டாக்டர் என்ன சொன்னார்னு என் தங்கச்சி சொல்வா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் கேட்டோம். சொல்லு மார்னி."

மார்னி எழுந்து நின்றாள். கையில் மணி இருந்தது. சத்தம் வராதபடி மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹெதர் முதலில் நோலீனின் காலைப் பார்த்தாள். பிறகு மார்னியை, மேலிருந்து கீழ்வரை, இதுவரை பார்த்திராதவள் போலப் பார்த்தாள். கிரேம் போனில் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான்.

சண்டை என்றாலே ஒதுங்கி ஓடும் ரஸ்ஸல் பாயிலிருந்து மெல்ல எழுந்தார். முன்னால் நடந்து வந்தார்.

"சொல்லு மார்னி" என்றார். "டாக்டர் என்ன சொன்னார்?"